கலூரிலிருந்து மட்டாஞ்சேரி: அண்ணனின் டிரம்மைத் தூக்கப் போன சனிக்கிழமை

இன்று மட்டாஞ்சேரிக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து இதை எழுதுகிறேன். வழக்கமாக இந்த வலைப்பூவில் பள்ளிச் சுற்றுலாக்களைப் பற்றி எழுதுவேன். அப்பாவோடு போகும் ஊர்களைப் பற்றியும் எழுதுவேன். இந்தப் பதிவு அப்படிப்பட்டதில்லை. இன்று நடந்ததில் பாதி எனக்கே புரியவில்லை. எழுதினால் புரியுமா என்று பார்க்கிறேன். மட்டாஞ்சேரியில் பாட்டு நிகழ்ச்சி கேட்கப் போக நினைப்பவர்களுக்கு வழியும் செலவும் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் போதுமென்றால் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம்.

போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். என் அண்ணன் முத்துக்குமார் ஒரு இசைக்குழுவில் டிரம் வாசிக்கிறான். மட்டாஞ்சேரிப் பையன்கள் நான்கு பேர், ஐந்தாவது ஆள் அவன். இந்தமுறை ஜெர்மனி, பிரான்ஸ், துபாய் என்று இரண்டு மாதம் சுற்றி வாசித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் சொந்தத் தெருவில் ஒரு நிகழ்ச்சி என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை நான்கு மணி, பழைய அரிசிக் கிடங்கு முற்றம், அனுமதி இலவசம்.

அண்ணன் எங்கள் வீட்டில் இல்லை. பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு டிரம் வாசிக்கப் போனான். அன்றிலிருந்து அவன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது. அது அம்மா போட்ட சட்டம். எங்கள் குடும்பம் கம்பத்திலிருந்து இங்கே கொச்சிக்கு வந்தது. அப்பா கட்டட வேலையில் மேஸ்திரி. அம்மா மாவு அரைத்துக் கலூரில் உள்ள கடைகளுக்குப் போடுகிறார். வேலை இடத்தில் இருபது பேரை அதட்டும் அப்பா வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு முன்னால் தண்ணீர்கூடச் சத்தமில்லாமல்தான் குடிப்பார். அம்மா சட்டம் போட்டால் போட்டதுதான்.

இரண்டு வருடமாக அண்ணன் வாசிப்பதை இரவில் போனில் பார்க்கிறேன். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். இயர்போன் போட்டால் அம்மா எழுந்து வருவது காதில் விழாது என்று பயம். அதனால் அண்ணன் எப்படிக் கை வீசுவான், எந்த இடத்தில் உதட்டைக் கடிப்பான் என்று எனக்குத் தெரியும். வாசிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. இன்று அதைக் கேட்க வேண்டும், "ஒருதடவை வீட்டுக்கு வா அண்ணா" என்று அவனிடம் சொல்லவும் வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் போனேன். சீக்கிரமே மறுபடியும் வெளிநாடு போகிறார்கள், இந்தமுறை ஆறு மாதம் என்று அந்த இணையப் பக்கத்தில் படித்திருந்தேன்.

அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதால் சீருடையிலேயே போக வேண்டியதாகிவிட்டது. சீருடையை மாற்ற வழி இல்லாமல் யாரும் இப்படிக் கிளம்பாதீர்கள். எங்கே நின்றாலும் எல்லோர் கண்ணிலும் படும்.

கலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நேர்ப் பேருந்து உண்டு. ஆனால் அந்தப் பேருந்துகளில் போகும் நடத்துநர்கள் பாதிப் பேர் அம்மாவிடம் மாவு வாங்குகிறவர்கள். ஆகவே படகு வழியைத் தேர்ந்தெடுத்தேன். படகு என்றால் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் வர மாட்டார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அம்மா ஒருமுறை படகில் ஏறினாராம். கரை சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்தபடி வந்தாராம். அதற்குப் பிறகு அம்மா தண்ணீரைத் தாண்டி எங்கும் போனதில்லை. பன்னிரண்டு வருடமாக கலூரில் இருக்கிறார், மட்டாஞ்சேரியைப் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குப் பள்ளிக்கு அடுத்த நிறுத்தத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பேருந்தில் ஏறினேன். படகுத்துறையான போட் ஜெட்டி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நடத்துநர் என் சீருடையைப் பார்த்தார்.

"சனியாழ்ச்ச ஏது கிளாஸா மோளே?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

"ஜெட்டியிலாணோ ஸ்பெஷல் கிளாஸ்? மீன் பிடிக்கான் படிப்பிக்கணுண்டோ?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாணவர் சலுகையைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. முழு டிக்கெட் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு ஆறு ரூபாய், இருபது நிமிடம். வெயில் நேரத்தில் இடது பக்கம் உட்காருங்கள், அங்கே நிழல் இருந்தது. தண்ணீர் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அது நினைவில்லை. படகில் இருந்த ஒவ்வொருவரும் எங்கள் தெருக்காரர் மாதிரியே தெரிந்தார்கள்.

இறங்கியதும் ஆட்டோ பிடித்தேன். மட்டாஞ்சேரி பஜார் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஐம்பது ரூபாய் சொன்னார், பேரம் பேசவில்லை. எங்கே என்று கேட்டபோது "பழைய அரிசிக் கோடவுண்" என்றேன். ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அவிடெ காணுந்நதெல்லாம் பழைய அரிசிக் கோடவுணாணு. அதில் ஏதா வேண்டே?"

அவர் சொன்னது உண்மைதான். போய்ப் பார்த்தால் பஜார் தெரு முழுக்கக் கிடங்குகள். ஓடு போட்ட நீளமான கட்டடங்கள், பெரிய மரக்கதவுகள், உள்ளே மூட்டைகள். ஒரு கதவைத் தாண்டினால் சுக்கு வாசனை, அடுத்ததில் மிளகு, அடுத்ததில் வெறும் சாக்கு வாசனை. நடுத்தெருவில் ஆடுகள் படுத்திருந்தன, ஆட்டோதான் அவற்றைச் சுற்றிப் போனது. பாட்டு நிகழ்ச்சி என்று சொன்னதும் அவருக்கு இடம் புரிந்துவிட்டது.

"ஓ, நம்முடெ பிள்ளேருடெ புரோகிராம்! அதில் ஒரு தமிழனுண்டு. என்னா கொட்டாணெந்நோ!" ஹேண்டில்பாரில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "பாவம். அவன்டெ வீட்டீந்நு ஆரெங்கிலும் வருமோ ஆவோ" என்றார்.

அண்ணனின் வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று இந்த மனிதர் ஏன் கவலைப்படுகிறார்? நான் யார் என்று தெரிந்துவிட்டதோ என்று கண்ணாடியில் தெரியாதபடி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். தெரியாது என்பதற்கு "அறியில்லா" என்று மட்டும் சொன்னேன்.

கிடங்கு முற்றத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். பெண்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பாய். நான் போய்ச் சேர்ந்தபோதே பாட்டு ஆரம்பித்திருந்தது. மேடையைப் பார்த்தேன். ஒரு வயதானவர் ஆர்மோனியம் வாசித்தார். கைலி கட்டிய இரண்டு பேர் இந்த ஊர் முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு பாடினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் என்று தோளில் இருந்த துண்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருவர் தபலா. அண்ணன் இல்லை. அண்ணனின் குழுவில் ஒருவருமே இல்லை. டிரம்மும் இல்லை.

தப்பான கிடங்குக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு, அண்ணனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு, அவன் ஊருக்கே வரவில்லையோ என்றும். அரைமணி நேரம் இப்படியே போனது. பக்கத்தில் இருந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எல்லோரும் அவரை ஜமீலாத்தா என்று கூப்பிட்டார்கள். அவர்தான் கடைசியில் என்னைத் தட்டினார்.

"மோளு ஆரெயா இங்ஙனெ நோக்கணே?"

"டிரம் வாசிக்கிற முத்துக்குமார்..."

"அவனல்லே ஆ பாயில் இரிக்கணது!"

முதல் வரிசைப் பாயில் ஐந்து பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தோள்வரை முடி. அது யாரோ ஒரு பெண் என்று நினைத்திருந்தேன். அவன் தலையைத் திருப்பியபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அண்ணன்தான். வீடியோக்களில் எப்போதும் முடியைக் கட்டியிருப்பான்.

ஜமீலாத்தாதான் விளக்கிச் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டாம். வெளிநாடு போய் வாசித்துவிட்டு வந்தவர்கள் உடனே மேடை ஏறக்கூடாது. முதலில் பாயில் உட்கார்ந்து, ஊரில் இருந்தவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும். அவர்களுடைய கருவிகள் கிடங்கின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊர்க்காரர்கள் பாடி முடித்ததும் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒருவர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போய் மேடையில் கொடுக்க வேண்டும். வீட்டு ஆள் கையால் வாங்கிய பிறகுதான் வாசிக்கலாம். ஆட்டோக்காரர் கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வீட்டீந்நு ஆளில்லாத்தோர்க்கு?" என்று கேட்டேன்.

"அயலத்துகாரு போகும். முத்து என்டெ மாடியிலல்லே தாமசம்? அவனு வேண்டி ஞான் போகும்." பக்கத்து வீட்டுக்காரர் போவார், அண்ணன் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில்தான், ஆகவே அவரே போகிறாராம். அதற்காகவே நல்ல சேலை கட்டி வந்திருந்தார் போல. முந்தானையில் பின் குத்தி வைத்திருந்தார்.

நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் தூக்கிக்கொண்டு போவார், அண்ணன் வாசிப்பான், நான் கேட்டுவிட்டு, முடிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். யாருக்கும் தெரியாது.

அறிவிப்பாளர் கபீர் இக்கா மைக்கைப் பிடித்தார். கிட்டார்க்காரருக்கு அவர் மனைவி போனார். கையில் குழந்தை இருந்ததால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார், எல்லோரும் கை தட்டினார்கள். கீபோர்டுக்கு ஒரு மாமா. பாடகருக்கு அவருடைய வாப்பா மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய், கொடுக்காமல் தானே இரண்டு வரி பாடிவிட்டார். முற்றமே சிரித்தது. முன் வரிசையில் எல்லோர் கையிலும் போன். நேரலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முத்துக்குமாரின்டெ வீட்டீந்நு ஆரா?"

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, பாயில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஜமீலாத்தா எழுந்தார். நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஏன் இழுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"இத்தா, ஞான் போகாம். அனியத்தியாணு." அவன் தங்கை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். "பின்னெ எந்தினா இவிடெ இரிக்கணே, செல்லு!" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

பெரிய டிரம் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தனியாளாகத் தூக்கலாம், ஆனால் தூக்கினால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அப்போது மறுபக்கத்தில் இன்னொரு கை வந்து பிடித்தது. கட்டைவிரல் நகம் பாதி கறுத்த கை. எனக்கு அந்தக் கையைத் தெரியும், நகத்தில் சுத்தியல் பட்ட நாளும் தெரியும்.

அப்பா. காலையில் இடப்பள்ளியில் கான்கிரீட் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன அப்பா. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்து அவர்தான் பயந்து போயிருந்தார்.

"பாப்பா, அம்மா வந்திருக்காளா?" என்று மூச்சு விடாமல் கேட்டார்.

"இல்லப்பா."

"சரி, புடி. கல்லு கிடக்கு, பாத்து."

"ஓ, தமிழ் வீட்டீந்நு ரெண்டு பேரு!" என்றார் கபீர் இக்கா மைக்கில். "ஞங்ஙளு விசாரிச்சு ஆரும் இல்லெந்நு!" கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அத்தனை போன்களும் எங்கள் பக்கம் திரும்பின. அப்பா உயரம், நான் குட்டை. டிரம் என் பக்கம் சாய்ந்தே போனது.

பாயிலிருந்து மேடைக்கு வந்திருந்த அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தான். டிரம்மை வாங்கிக் கீழே வைத்தான். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா?"

இல்லை என்று அப்பா தலையாட்டினார். அண்ணன் டிரம்மின் திருகாணியைத் திருகிக்கொண்டே, "அடுத்த சனிக்கிழமையும் இங்கதான் வாசிக்கிறோம். அதுக்கப்புறந்தான் கிளம்புறோம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. கபீர் இக்கா எங்களை இறக்கிவிட்டார்.

வாசிப்பைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கைகளை இவ்வளவு வேகமாக வீசுகிறானே, பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல இடங்களில் அவன் மெதுவாக, பாடகரின் குரலுக்குக் கீழேயே வாசித்தான். சத்தத்தை அணைத்துப் பார்த்தபோது அது எனக்குத் தெரியவே இல்லை. அப்பா உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாயாவை வாங்கி, அது ஆறிப்போகும்வரை குடிக்காமல் கையில் வைத்தபடி நின்று கேட்டார்.

ஐந்தரைக்கே அப்பா என்னைக் கிளப்பிவிட்டார். திரும்பும்போதும் படகுதான். பாதித் தண்ணீர் கடந்தோம். பிறகு அப்பா வேறு யாரிடமோ பேசுவது போலக் கேட்டார்.

"ஸ்பெஷல் கிளாஸ் எப்ப முடிஞ்சுது?"

"அஞ்சரைக்குப்பா."

"எனக்கு இடப்பள்ளியில ஆறு மணிக்கு வேலை முடிஞ்சுது. அப்ப நாம எங்க பாத்துக்கிட்டோம்?"

"கலூர் பஸ் ஸ்டாண்டுல."

"ஸ்டாண்டுல எங்க? அம்மா கேப்பாள்ல."

"பழக்கடைப் பக்கத்துல."

அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பா இதற்கு முன்பும் அங்கே போயிருக்கிறாரா, அண்ணனிடம் போனில் பேசுகிறாரா, இதுதான் முதல்தடவையா?

வீட்டில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் ஸ்டாண்டில் சந்தித்த கதையை அப்பா பழக்கடை உட்பட முழுதாகச் சொன்னார். அம்மா குறுக்கே பேசவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இடப்பள்ளியில இப்ப டிரம்மெல்லாம் தூக்கச் சொல்றாங்களா?"

அப்பா கையில் எடுத்த தோசைத் துண்டு அப்படியே நின்றது. கீழ்வீட்டு லீலச் சேச்சி நேரலையைப் பார்த்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து காட்டியிருக்கிறார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு சாமான் புடிக்கத் தெரியல. சாய்ச்சுக்கிட்டே போறீங்க. கீழ விழுந்திருந்தா?" என்றார் அம்மா. அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. எனக்கு இன்னொரு தோசை போட்டார். அப்பாவுக்கும் போட்டார். திட்டியிருந்தால் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அப்பா தூங்குவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அம்மா இருட்டில் கேட்டார்.

"அங்க போட்டுலதான் போகணுமா?"

"பஸ்ஸும் இருக்கும்மா" என்றேன்.

நான் இனிமேல் எந்த வழியாகவும் போகாமல் பார்த்துக்கொள்ளக் கேட்டாரா, வேறு எதற்காவது கேட்டாரா? எழுதியும் புரியவில்லை. நாளைக் காலையில் என் போன் என்னிடம் இருக்குமா என்றும் தெரியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒருமுறை புரண்டு படுத்தார், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போகிறவர்களுக்கு. நான்கு மணிக்கே போய்விடுங்கள். நாற்காலி கிடைக்காவிட்டாலும் பாய் கிடைக்கும். மேடையில் உங்கள் ஆள் இல்லையென்றால் பதறாதீர்கள், முன்வரிசையில் முதுகுகளைப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள், முற்றத்தில் சாயா மட்டும்தான், பத்து ரூபாய். பெரிய டிரம்மைத் தூக்குகிறவர்கள் ஒரே உயரமாக இருப்பது நல்லது. அம்மாவும் அப்பாவும் ஏறக்குறைய ஒரே உயரம்.

படகு பிடிக்காதவர்களுக்கு. கலூர் ஸ்டாண்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது, தோப்பும்படி வழி. இருபத்தைந்து ரூபாய்க்குள் வரும், ஒருமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இரண்டு மணிக்கு ஏறினால் போதும். வழியில் பாலங்கள் வரும், அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும். ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தால், நிற்கிறவர்கள் மறைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பாலங்கள் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.